பற்றரி மாற்றிய மறுநாள்

நல்லூர்த் திருவிழா தொடங்கினால் எங்கள் கராஜுக்கு ஒரே முறைப்பாடுதான் திரும்பத் திரும்ப வரும். 25 நாட்களும் கோவிலைச் சுற்றியுள்ள வீதிகளில் கார்கள் ஊர்ந்துதான் போகவேண்டும். வேகமாக ஓடும்போது தெரியாத குறை, பிரேக்கில் கால் வைத்துக் காத்திருக்கும்போது வெளியே வரும். எஞ்சின் ஒரு குலுக்குக் குலுக்கும், அணைந்துவிடும்.

அப்படித்தான் ஓய்வுபெற்ற மாஸ்ரர் ஒருவர் தமது ஜப்பானியக் காருடன் வந்தார். “தம்பி, நின்றால் நின்றுவிடுகிறது” என்றார். இதைவிடச் சுருக்கமாக இந்தக் கோளாறை யாரும் சொல்ல முடியாது. கையில் ஒரு பை வைத்திருந்தார். அதற்குள் கழற்றிய நான்கு பிளக்குகளும் ஒரு பெற்றோல் பில்டரும் இருந்தன. வேறோர் இடத்தில் மாற்றியிருக்கிறார்கள். காசு போனது, கோளாறு போகவில்லை.

எப்போது தொடங்கியது என்று கேட்டேன். சற்று யோசித்துவிட்டு, புதுப் பற்றரி போட்ட மறுநாளிலிருந்து என்றார். “பற்றரி புதியது, அதில் என்ன பிழை இருக்கப்போகிறது?” என்று அவரே தொடர்ந்தார். பற்றரியில் பிழை இல்லைதான். ஆனால் அந்த ஒரு பதிலோடு என் வேலை பாதி முடிந்துவிட்டது.

எஞ்சினுக்குள் காற்றுப் போகும் வாசலில் துரொட்டில் என்ற வட்டத் தகடு இருக்கிறது. ஆக்சிலேட்டரில் கால் இல்லாதபோது அது கிட்டத்தட்ட மூடியிருக்கும். விளிம்பில் உள்ள மயிரிழை இடைவெளியால் நுழையும் காற்றில்தான் எஞ்சின் நிமிடத்துக்கு 700 சுற்று அளவில் உயிரோடு இருக்கிறது. எஞ்சினிலிருந்து திரும்பும் எண்ணெய் ஆவி அந்த விளிம்பில் கரியாகப் படிகிறது. இடைவெளி சிறுகச் சிறுக அடைபடும்போது, காரின் கணினி தகட்டை ஒரு துளி கூடுதலாகத் திறந்து சமாளிக்கிறது. அந்தத் திருத்தத்தை நினைவிலும் வைத்துக்கொள்கிறது. ஆண்டுக்கணக்கில் அழுக்குச் சேர்ந்தாலும் ஓட்டுபவருக்குத் தெரியாமல் இருப்பது இதனால்தான். பற்றரியைக் கழற்றியதும் பல கார்களில் அந்த நினைவு அழிந்துவிடுகிறது. கணினி தொழிற்சாலையில் கொடுத்த பழைய அளவுக்கே திரும்புகிறது. அழுக்கோ அப்படியே இருக்கிறது. காற்றுப் போதாமல் எஞ்சின் மூச்சடைத்து நிற்கிறது. ஏசியைப் போட்டால் சுமை கூடி இன்னும் விரைவாக நிற்கும்.

காற்றுக் குழாயைக் கழற்றி டோர்ச் அடித்து மாஸ்ரருக்குக் காட்டினேன். தோசைக்கல்லின் ஓரத்தில் பிடித்த கரிபோல ஒரு கறுப்பு வளையம். துரொட்டில் கிளீனரைத் துணியில் தெளித்துத் துடைத்தபோது கீழே பித்தளை நிறத் தகடு தெரிந்தது. கம்பித் தூரிகையோ உப்புத்தாளோ இதில் படவே கூடாது. சாவி போட்டிருக்கும்போது தகட்டை விரலால் தள்ளிப் பார்ப்பதும் வேண்டாம்: உள்ளே இருக்கும் மோட்டார் விரலை நசுக்கும், அதன் பற்சக்கரமும் உடையலாம்.

துடைத்த பின் எஞ்சின் 1,200 சுற்றில் இரைந்தது. பற்றரி மாற்றிய பின் ஓடிய நாட்களில் கணினி அழுக்குக்கு ஏற்பத் தகட்டை மீண்டும் கொஞ்சம் கூடுதலாகத் திறக்கப் பழகியிருக்கும், இப்போதோ அழுக்கு இல்லை. சிலர் இதைக் கண்டு பயந்து, தகட்டை நிறுத்தும் திருகாணியில் கைவைப்பார்கள். அது தொழிற்சாலையில் அளந்து வைத்தது. தொட்டவர் கையைப் பின்னால் வருபவர்கள்தான் சபிப்பார்கள். கணினிக்குப் புதிய அளவைக் கற்பிக்க வேண்டும், அவ்வளவே. எஞ்சின் சூடான பின், ஏசியையும் விளக்குகளையும் நிறுத்திவிட்டு, அந்தந்தக் காருக்குரிய முறையில், காரின் கணினியோடு இணைக்கும் ஸ்கானர் கருவியால் செய்யலாம்.

எல்லாக் கார்களுக்கும் இதுவே காரணம் என்று எண்ணிவிடாதீர்கள். 2020 மார்ச்சில் இலங்கையில் வாகன இறக்குமதி நின்று, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் வழி திறந்தது. இடைப்பட்ட காலத்தில் எங்கள் கார்களுக்கு வயது ஏறியது. எஞ்சின் சூட்டில் ரப்பர் குழாய்கள் இறுகி வெடித்திருக்கின்றன. வெடிப்பு பெரும்பாலும் வளைவின் அடிப்பக்கத்தில் இருக்கும், கண்ணுக்குத் தெரியாது, விரல்தான் கண்டுபிடிக்கும். பெற்றோல் ஒரு பங்குக்குக் காற்று 14.7 பங்கு என்பது எடைக் கணக்கு. காற்றை அளக்கும் சென்சருக்குத் தெரியாமல் திருட்டுவழியில் காற்று புகுந்தால் அந்தக் கணக்குப் பிழைக்கும். ஸ்கானரில் எரிபொருள் திருத்தம், அதாவது இதை ஈடுகட்டக் கணினி கூட்டிவிடும் பெற்றோல், ஐடிலில் (ஆக்சிலேட்டரைத் தொடாமல் எஞ்சின் ஓடும் நிலையில்) 20 சதவீதத்துக்கு மேல் காட்டி, 2,500 சுற்றில் ஐந்து சதவீதத்துக்கு இறங்கினால் குழாய்களைத் தடவத் தொடங்குவேன்.

பெற்றோல் நிரப்பிய உடன் மட்டும் நின்றால், தாங்கியின் ஆவியை எஞ்சினுக்கு விடும் வால்வு திறந்தபடி இறுகியிருக்கலாம். தீவுப்பக்கக் கார்களில் உப்புக்காற்றால், பற்றரியைக் காரின் உடலோடு இணைக்கும் எர்த் வயர் முனையில் களிம்பு பிடித்திருக்கிறதா என்று பார்க்கவேண்டும். வலிகாமத்துச் செம்மண் தூசி எயார் பில்டரை அடைப்பதை நான் சொல்லவேண்டியதில்லை. தொண்ணூறுகளில் பெற்றோல் இல்லாத காலத்தில் மண்ணெண்ணெயில் கார் ஓட்டிய ஊர் இது. சில துளி பெற்றோலில் எஞ்சினை எழுப்பி, காது கொடுத்தே அதன் மூச்சைப் பிடித்து வைத்திருந்தார்கள். அந்தக் காது இன்றைக்கும் வேண்டும்.

கார் இன்னும் உருண்டுகொண்டிருக்கும்போதே எஞ்சின் அணைந்தால், ஸ்ரியரிங் கனக்கும். பிரேக் ஓரிரு மிதிக்குத்தான் வழக்கம்போல் இளகிக் கொடுக்கும், பிறகு கல்லாகிவிடும். விட்டுவிட்டு மிதிக்காமல் ஒரே அழுத்தாக அழுத்தி ஓரங்கட்டுங்கள். கார் நிற்கும்வரை சாவியை உருவ வேண்டாம், ஸ்ரியரிங் பூட்டிக்கொள்ளும். யாழ்ப்பாணத்திலிருந்து தீவுப்பக்கம் போகும், இருபுறமும் கடல் உள்ள பண்ணைப் பாதையில் இது நடந்தால் எப்படி இருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். ஆகவே ஐடிலில் மட்டும்தானே நிற்கிறது என்று மாதக்கணக்கில் ஓட்டாதீர்கள்.

மாஸ்ரர் ஏசியைப் போட்டு, விளக்கையும் போட்டு, கால்மணி நேரம் காருக்குள் அமர்ந்திருந்தார். முள் 700-ஐ விட்டு அசையவில்லை. புறப்படும்போது அந்தப் பையைக் குப்பையில் போடச் சொன்னார். பிளக்குகளை எடுத்துப் பார்த்தேன். நுனி நான்கும் நல்ல மண்ணிறம், தேய்வே இல்லை. துடைத்து அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்தேன்.