அதே ஆன்டெனா, புது மென்பொருள்: கூடுதல் விமானம் தெரிவது எப்படி?

பீளமேடு விமான நிலையத்தில் இறங்கப்போகும் விமானமும் சரி, கோவைக்கு மேலே 35,000 அடியில் கடந்து போகும் விமானமும் சரி, தான் இருக்கும் இடத்தை நொடிக்குச் சுமார் இரண்டு முறை 1090 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் அறிவித்தபடியே பறக்கிறது. இந்த முறைக்கு ஏடிஎஸ்-பி என்று பெயர். மொட்டை மாடியில் ஒரு சின்ன ஆன்டெனா, ரேடியோ அலையைப் பிடிக்கும் ஒரு யுஎஸ்பி டாங்கிள், ராஸ்பெர்ரி பை என்ற கையடக்கக் கணினி ஒன்று இருந்தால் அதை வீட்டிலேயே பிடிக்கலாம்.

இதில் மென்பொருளை மட்டும் மாற்றினால் என்ன பெரிய வித்தியாசம் வரும்? நிறையவே வரும். டாங்கிளில் இருப்பது டிவி பார்ப்பதற்காகச் செய்யப்பட்ட சிப். அது காற்றில் வரும் அலையை வெறும் எண்களாக்கிக் கொட்டும்; அதில் விமானம் எங்கே என்று தேடுவதெல்லாம் மென்பொருளின் வேலை.

ஒரு செய்தி 112 பிட். ஒவ்வொரு பிட்டுக்கும் ஒரு மைக்ரோநொடி. அந்த மைக்ரோநொடியின் முதல் பாதியில் துடிப்பு வந்தால் 1, இரண்டாம் பாதியில் வந்தால் 0. இந்தச் செய்திகளைப் படிக்க 2012-இல் வந்த டம்ப்1090 நிரல் நொடிக்கு 20 லட்சம் மாதிரிகள் எடுத்தது, அதாவது அலையை நொடிக்கு அத்தனை முறை அளந்தது: பாதி மைக்ரோநொடிக்கு ஒன்று. துடிப்பு இரண்டு மாதிரிகளுக்கு நடுவே விழுந்துவிட்டால் 1 எது, 0 எது என்று குழம்பிவிடும். பின்னால் வந்த நிரல்கள் 24 லட்சம் மாதிரிகள் எடுத்து, துடிப்பு எந்த இடத்தில் தொடங்கியிருக்கலாம் என்று பல விதமாகப் பொருத்திப் பார்க்கின்றன. தூரத்து விமானத்தின் மெலிந்த செய்தி பிழைப்பது இங்கேதான்.

கடைசி 24 பிட்டுகள் சரிபார்ப்புக்கு. கெட்டுப்போன ஒரு பிட்டை அதை வைத்தே திருத்திவிடலாம். இரண்டு பிட் வரை திருத்தச் சொன்னால் வெறும் இரைச்சலே விமானமாகத் தெரியத் தொடங்கும். அதனால் அப்டேட் போட்டதும் எண்ணிக்கை ஏறினால், அது உண்மையான விமானம்தானா என்றும் பாருங்கள்.

விமான நிலையத்துக்கு அருகில் வீடு இருந்தால் இன்னொரு சிக்கல். இறங்கும் விமானத்தின் பலமான அலை டாங்கிளைத் திணறடிக்கும். அதற்காக கெயினை, அதாவது அலையைப் பெருக்கும் அளவை, குறைத்தால் தூரத்து விமானம் போய்விடும். புதிய நிரல்கள் நிலவரத்தைப் பார்த்துத் தாமே கெயினை ஏற்றி இறக்குகின்றன. பீளமேடு, சின்னியம்பாளையம் பக்கம் இருப்பவர்களுக்கு அப்டேட் போட இந்த ஒரு வசதியே போதும் என்பேன்.

மலையை மட்டும் எந்த மென்பொருளும் தாண்டாது. கிழக்கே கரூர், திருச்சி பக்கம் சமவெளி என்பதால், 35,000 அடி விமானம் 400 கிலோமீட்டர் வரைகூடத் தெரிய வாய்ப்பு உண்டு. கோவையிலிருந்து தொட்டபெட்டா திசையில் அதே உயரத்து விமானம் கிட்டத்தட்ட 200 கிலோமீட்டரிலேயே மறைந்துவிடும். உங்கள் ரிசீவர் எட்டும் தூரத்தைக் காட்டும் படம் அந்தப் பக்கம் குழிந்திருந்தால் அப்டேட்டைக் குறை சொல்ல வேண்டாம்.

அப்டேட் போடும்போது பழைய மெமரி கார்டை அழிக்காதீர்கள். புதிய இமேஜை, அதாவது கார்டில் ஏற்ற வேண்டிய முழு மென்பொருள் கோப்பை, வேறு கார்டில் எழுதுங்கள். சரிப்படவில்லை என்றால் பழையதைச் செருகிவிடலாம். விமானத் தடத் தளங்களுக்குத் தரவு அனுப்புபவர்கள் தங்கள் நிலையத்தின் அடையாள எண்ணை முதலில் குறித்துவைக்க வேண்டும். அது இல்லாமல் இணைத்தால் நீங்கள் புது நிலையம் ஆகிவிடுவீர்கள். பழைய கணக்கு தனியே நின்றுவிடும்.

வீட்டின் அட்சரேகை, தீர்க்கரேகையையும் மறுபடி சரியாகக் கொடுங்கள். இடத்தைச் சொல்லாத விமானங்களை, பல வீட்டு ரிசீவர்களில் ஒரே செய்தி வந்து சேர்ந்த நேர வித்தியாசத்தை வைத்துக் கண்டுபிடிக்கிறார்கள். ரேடியோ அலை ஒரு மைக்ரோநொடியில் 300 மீட்டர் ஓடும். உங்கள் வீட்டின் இடம் தப்பாக இருந்தால் அந்தக் கணக்கு முழுவதும் பிசகும். பழைய போன் சார்ஜரில் கணினியை ஓட்டினாலும் இதே தொல்லைதான்: மின்சாரம் போதாமல் டாங்கிள் நடுவில் மாதிரிகளைத் தவறவிடும், நேரக்கணக்கு அறுந்துபோகும். அப்டேட்டோடு சேர்த்து நல்ல பவர் அடாப்டர் ஒன்றும் வாங்கிவிடுங்கள்.