ஒன்றை ஒன்று உளவு பார்க்கும் கிரெம்ளின்

ரஷ்யாவை உளவுத்துறைதான் ஆள்கிறது என்று பலர் சொல்வதுண்டு. அப்படித் தோன்றக் காரணம் இருக்கிறது. அதிபர் புதின் 1975இல் சோவியத் உளவு அமைப்பான கே.ஜி.பி.யில் சேர்ந்தவர். 1998 ஜூலையில் அதன் வாரிசான உள்நாட்டுப் பாதுகாப்பு அமைப்பு எஃப்.எஸ்.பி.யின் தலைவரானார், அடுத்த ஆண்டே பிரதமரானார். ஆனால் இந்தப் பேச்சு பாதியைத்தான் சொல்கிறது. மீதிப் பாதி: ரஷ்யாவில் ஆட்சிக்கு வருபவர் எல்லோரையும் விட அதிகமாக அஞ்சுவதும் உளவுத்துறைக்குத்தான்.

அந்த அச்சம் வரலாற்றிலிருந்து வந்தது. 1953 ஜூனில், ஸ்டாலின் இறந்து நான்கு மாதம் ஆவதற்குள், ரகசியப் போலீசின் தலைவர் பேரியாவைக் கைது செய்ய அவருடைய சகாக்களே முடிவெடுத்தார்கள். கிரெம்ளினின் காவலர்களோ பேரியாவின் ஆட்கள். எனவே நம்பகமான ராணுவ அதிகாரிகளை ஆயுதங்களோடு கார்களில் மறைத்து உள்ளே கொண்டுவர வேண்டியிருந்தது. 1964 அக்டோபரில் சோவியத் தலைவர் குருஷ்சேவைக் கவிழ்த்தவர்கள் கே.ஜி.பி. தலைவர் செமிசாஸ்ட்னியை முன்கூட்டியே தங்கள் பக்கம் இழுத்துவிட்டார்கள். விடுமுறையிலிருந்து அழைக்கப்பட்டு மாஸ்கோ வந்து இறங்கிய குருஷ்சேவை விமான நிலையத்தில் எதிர்கொண்டவரும் அவரேதான். 1991 ஆகஸ்டில் சோவியத் அதிபர் கோர்பச்சேவுக்கு எதிரான கவிழ்ப்பு முயற்சியின் மூளையாக இருந்தவர் அன்றைய கே.ஜி.பி. தலைவர் க்ரூச்கோவ்.

இதைக் கண்ணால் பார்த்த ரஷ்யாவின் முதல் அதிபர் யெல்ட்சின், கே.ஜி.பி.யைத் துண்டு துண்டாகப் பிரித்தார். உள்நாட்டுப் பாதுகாப்பு எஃப்.எஸ்.பி.க்கு. வெளிநாட்டு உளவு எஸ்.வி.ஆர். என்ற தனி அமைப்புக்கு. தலைவர்களின் மெய்க்காவல் எஃப்.எஸ்.ஓ.வுக்கு. ராணுவத்தின் உளவு அமைப்பான ஜி.ஆர்.யூ. முன்பிருந்தே தனி. புதின் இன்னொன்றைச் சேர்த்தார்: 2016இல் உள்துறையின் படைகளைப் பிரித்துத் தேசியக் காவல்படையை உருவாக்கி, தன் பழைய மெய்க்காவலர் சோலதோவிடம் ஒப்படைத்தார். இவற்றின் வேலைகள் வேண்டுமளவுக்கு ஒன்றோடொன்று மோதுகின்றன. ராணுவத்துக்குள் உளவு பார்ப்பது எஃப்.எஸ்.பி.யின் வேலை. மெய்க்காவல் படையான எஃப்.எஸ்.ஓ.வோ மக்களிடம் கருத்துக்கணிப்பு நடத்தி அதிபருக்குத் தனி வழியில் தகவல் கொடுக்கிறது. சச்சரவு வந்தால் தீர்ப்புச் சொல்ல ஒரே ஒருவர்தான். அவருடைய பலமே அதில்தான் இருக்கிறது.

அமைப்புகளுக்குக் குறுக்கே இன்னொரு வலை ஓடுகிறது: நெருக்கமானவர்களின் வட்டம். 1996இல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் அருகே ஏரிக்கரையில் விடுமுறை வீடுகள் கட்டிக்கொள்ள எட்டுப் பேர் ஒரு கூட்டுறவுச் சங்கம் தொடங்கினார்கள். பெயர் 'ஓசெரோ'. அதில் புதினும் ஓர் உறுப்பினர். மற்றவர்களில் யாகூனின் பிறகு ரஷ்ய ரயில்வேயின் தலைவரானார், ஆந்திரேய் ஃபுர்சென்கோ கல்வி அமைச்சரானார், கவல்ச்சூக் ரஸ்ஸியா வங்கியின் முக்கியப் பங்குதாரர். பதவி பெரிதா, அதிபரை எந்த நேரமும் அணுகும் உரிமை பெரிதா என்று கேட்டால், அங்கே விடை சந்தேகமில்லாமல் இரண்டாவதுதான்.

வட்டமும் உளவும் கைகோத்தால் என்ன நடக்கும்? 2016 நவம்பர் 14 மாலை, பொருளாதார அமைச்சர் உல்யுகாயெவ் ரோஸ்நெஃப்ட் எண்ணெய் நிறுவனத்தின் தலைமையகத்துக்குப் போனார். அதன் தலைவர் சேச்சின், புதின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகர நிர்வாகத்தில் இருந்த காலத்து உதவியாளர். அவர் அமைச்சரிடம் ஒரு பையையும் கூடையையும் கொடுத்தார். கூடையில் தொத்திறைச்சி, பையில் 20 லட்சம் டாலர். சேச்சினின் பேச்சு ரகசியமாகப் பதிவாகிக்கொண்டிருந்தது. வாசலைத் தாண்டுவதற்குள் எஃப்.எஸ்.பி. பிடித்தது. பையில் மது இருப்பதாகத்தான் நினைத்தேன் என்றார் உல்யுகாயெவ். நீதிமன்றம் நான்கு முறை அழைத்தும் சேச்சின் சாட்சி சொல்ல வரவில்லை. அமைச்சருக்கு எட்டாண்டுச் சிறை. லஞ்சம் உண்மையா பொய்யா என்பதைத் தாண்டி, பதவியில் இருக்கும் ஓர் அமைச்சரை வட்டத்துக்குள் இருப்பவர் வீழ்த்த முடியும் என்பதை அன்று எல்லா அமைச்சர்களும் தெரிந்துகொண்டார்கள்.

இந்த ஏற்பாடு தலைவரைக் காப்பாற்றுகிறது, ஆனால் அவருக்கு உண்மை போய்ச் சேராமல் தடுக்கிறது. கெட்ட செய்தி சொல்பவர், போட்டி அமைப்புக்குத் தானே ஆயுதம் எடுத்துக் கொடுக்கிறார். 2022 பிப்ரவரி 21 அன்று கிரெம்ளினில் நடந்த பாதுகாப்பு கவுன்சில் கூட்டத்தை ரஷ்யத் தொலைக்காட்சி ஒளிபரப்பியது. எஸ்.வி.ஆர். தலைவர் நரிஷ்கின் திக்கித் திணற, தெளிவாகப் பேசும்படி புதின் அவரை அதட்டினார். குழம்பிப்போன நரிஷ்கின், கிழக்கு உக்ரைனின் தோனெத்ஸ்க், லுகான்ஸ்க் பகுதிகளை ரஷ்யாவோடு இணைப்பதை ஆதரிப்பதாகச் சொன்னார். அன்று பேசப்பட்டதோ அவற்றைத் தனி நாடுகளாக அங்கீகரிப்பது பற்றி மட்டும். மூன்றே நாளில் போர். நாட்டின் வெளிநாட்டு உளவுக்குப் பொறுப்பானவரே எந்தப் பதில் எதிர்பார்க்கப்படுகிறது என்று ஊகித்துக்கொண்டிருந்தார் என்றால், அந்த அறையில் எதிர்க்கருத்து எழுந்திருக்கும் என்று நம்ப முடியவில்லை. அதற்கான விலையை உக்ரைன் மக்கள் கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

போர் நடுவிலும் பழைய கணக்கு மாறவில்லை. 2024 ஏப்ரலில் பாதுகாப்புத் துணை அமைச்சர் திமூர் இவானோவை எஃப்.எஸ்.பி. லஞ்ச வழக்கில் கைது செய்தது. அடுத்த மாதமே அவருடைய அமைச்சர் ஷொய்கு பதவி மாற்றப்பட்டார். ஆனால் அதிபரின் நெடுநாள் நண்பரான அவர் சிறைக்குப் போகவில்லை. பாதுகாப்பு கவுன்சிலின் செயலாளரானார். அந்த நாற்காலியில் 16 ஆண்டுகள் இருந்த முன்னாள் எஃப்.எஸ்.பி. தலைவர் பத்ருஷெவ், கப்பல் கட்டும் துறையைக் கவனிக்கும் அதிபரின் உதவியாளராக்கப்பட்டார். அதே மாதத்தில் அவருடைய மகன் திமீத்ரி துணைப் பிரதமரானார்.