சப்-சேஸிஸை மாற்றுமுன் ஸ்பிரிங்கைப் பாருங்கள்

இசைத்தட்டை இயக்கும் டர்ன்டேபிள்களைப் பழுதுபார்ப்பதைத் தொழிலாகக் கொண்டவன் என்ற முறையில் இதை இனியும் எழுதாமல் இருக்க முடியவில்லை. அண்மையில் என் மேசைக்கு வந்த லின் சோன்டெக் எல்பி12 டர்ன்டேபிள் ஒன்றின் அடிப்பலகையைக் கழற்றியபோது, உள்ளே பளபளவென்று புதிய அலுமினிய சப்-சேஸிஸ், அதாவது உட்சட்டம், ஒன்று மாட்டப்பட்டிருந்தது. அதைத் தாங்க வேண்டிய மூன்று ஸ்பிரிங்குகளில் இரண்டின் நட்டுகள் மரை முடியும்வரை முறுக்கப்பட்டிருந்தன. மூன்றாவதன் நடுவே ஸ்பாஞ்சுத் துண்டு ஒன்று திணிக்கப்பட்டிருந்தது. ஊசியைத் தாங்கும் கையான டோன் ஆர்மின் ஒயர் வீணைத் தந்திபோல் விறைத்து நின்றது. இவ்வளவு பணம் போட்டும் ஒலி ஏன் முன்னைவிட மந்தமாகிவிட்டது, விற்றவர் ஏமாற்றிவிட்டாரா என்று உரிமையாளர் கேட்டார். அந்த உலோகத்தில் எந்தக் குறையும் இல்லை. இதே நிலையில் இதே கேள்வியோடு வரும் கருவிகள் பெருகிக்கொண்டே போவதால்தான் இந்தக் கட்டுரை.

இசைத்தட்டைத் தாங்கும் தட்டு சுழலும் பேரிங்கையும் டோன் ஆர்மையும் சப்-சேஸிஸ் என்ற ஒரே சட்டத்தில் பிணைத்து, அந்தச் சட்டத்தை மட்டும் ஸ்பிரிங்குகளில் நிறுத்துவதே இந்த அமைப்பின் அடிப்படை. மோட்டார் மேல்தகட்டோடு நின்றுவிடுகிறது. பெல்ட் மட்டுமே இரண்டுக்கும் தொடர்பு. 1961இல் அமெரிக்காவில் எட்கர் வில்சர் தம் ஏஆர் நிறுவனத்தின் டர்ன்டேபிளில் இதைச் செய்துகாட்டினார்; 1965இல் தோரன்ஸ் நிறுவனத்தின் டிடி 150 வந்தது; 1973இல் கிளாஸ்கோவில் தொடங்கப்பட்ட லின் நிறுவனத்தின் எல்பி12 அதே வழியில் வந்ததுதான்.

இசைத்தட்டுப் பள்ளத்தின் மிக நுண்ணிய நெளிவுகள் ஒரு மைக்ரானுக்கும் குறைவானவை. ஊசி பொருத்தப்பட்ட கார்ட்ரிட்ஜ் உணர்வது ஊசிக்கும் ஆர்முக்கும் இடையிலான அசைவை என்பதால், பேரிங்கும் ஆர்மும் ஒன்றையொன்று விட்டு இம்மியளவு நெளிந்தாலும் அந்த நெளிவும் இசையோடு கலந்து ஆம்ப்ளிஃபயருக்குப் போய்ச் சேரும். ஆகவே இரண்டையும் இணைக்கும் சட்டம் விறைப்பாக இருக்க வேண்டும் என்பதில் கருத்து வேறுபாடு இல்லை. எல்பி12இன் பழைய சப்-சேஸிஸ் அச்சில் அழுத்தி வடிவமைத்த எஃகுத் தகடு. ஆர்மைப் பொருத்தும் ஆர்ம் பலகை தனியாக, அடியிலிருந்து மூன்று திருகுகளால் அதில் பிடிக்கப்பட்டிருக்கும். 2006இல் லின் வெளியிட்ட 'கீல்' என்ற பாகமோ சப்-சேஸிஸ், ஆர்ம் பலகை, ஆர்மைப் பிடிக்கும் வளையம் மூன்றையும் ஒரே அலுமினியக் கட்டியிலிருந்து கடைந்தெடுத்தது. இணைப்புகள் ஒழிந்தன என்பதே அதன் பலம். சரியாக அமைத்த கருவியில் மிருதங்கத்தின் தொப்பி விழுந்து அடங்கும் இடம் தெளிவாகப் பிரிந்து கேட்கும். அந்த முன்னேற்றம் உண்மையானது. அதை நான் மறுக்கவில்லை.

நான் மறுப்பது, "கனம் கூடினால் ஒலி கூடும்" என்ற நம்பிக்கையை. என்னிடம் வருபவர்களில் பலர் புதிய பாகத்தைக் கையில் தூக்கிப் பார்த்து, எடையை வைத்தே விலையை நியாயப்படுத்திக்கொள்கிறார்கள். விறைப்பு வேறு, எடை வேறு. மடிப்பும் விலாவும் சரியான இடத்தில் அமைந்த மெல்லிய சட்டம், தட்டையான தடித்த பலகையைவிட நெளியாமல் நிற்கலாம். மேலும், சப்-சேஸிஸ் தனியாக வாழும் பொருளன்று. ஸ்பிரிங் எவ்வளவு அமுங்கி நிற்கிறதோ அதைப் பொறுத்தே அது ஆடும் வேகம் அமைகிறது: 1 சென்டிமீட்டர் அமுங்கினால் வினாடிக்கு ஏறத்தாழ 5 முறை, 2 சென்டிமீட்டர் அமுங்கினால் ஏறத்தாழ 3.5 முறை. ஆர்மும் கார்ட்ரிட்ஜும் சேர்ந்து அதிரும் 8 முதல் 12 ஹெர்ட்ஸ் எல்லைக்குக் கீழே ஸ்பிரிங்கின் ஆட்டம் நிற்க வேண்டும் என்பதற்காகவே அது இப்படி வைக்கப்பட்டிருக்கிறது. எடை சற்றுக் கூடுவதால் இந்த வேகம் பெரிதாக மாறிவிடாது; உயரமும் சமநிலையும்தான் கெடும். ஆர்ம் பக்கத்து ஸ்பிரிங் கூடுதலாக அமுங்கும், ஆர்ம் பலகை சாய்ந்து கருவியின் வெளி மரச்சட்டத்தின் விளிம்பைத் தொடும். தொட்ட அந்த நொடியிலிருந்து தரையின் அதிர்வும் மோட்டாரின் இரைச்சலும் நேரே ஊசிக்கு வரும். நீங்கள் எதற்காகப் பணம் கொடுத்தீர்களோ அந்தப் பயன் முழுவதும் அந்த ஒரு தொடுதலில் போய்விடும்.

அப்போது பலர் செய்வது நட்டை இறுக்குவது, ஸ்பாஞ்சைத் திணிப்பது. தட்டு ஆடுவது பழுது என்று அவர்கள் எண்ணுகிறார்கள். தட்டு ஆடத்தான் வேண்டும்! நடுவில் மெல்ல அழுத்திவிட்டால் பக்கவாட்டில் அலையாமல், நேர் மேலும் கீழுமாகச் சில வினாடிகள் ஆடி, தானாக ஓய வேண்டும். கோணலாக ஆடினால் ஸ்பிரிங்கை அதன் அச்சில் சற்றே திருப்பிப் பார்க்க வேண்டும், காய்ந்து வெடித்த ரப்பர் வளையங்களை மாற்ற வேண்டும், ஆர்மின் ஒயர் சப்-சேஸிஸை இழுக்காதபடி தளர்வாக வளைத்துக் கிளிப்பில் பிடிக்க வேண்டும். ஒயரின் இந்த வளைவைச் சரிசெய்வதற்கே நான் சில நாள் நெடுநேரம் செலவிடுகிறேன். இதைச் சொன்னால் பலர் நம்புவதில்லை.

வாங்குமுன் ஆர்ம் பொருந்தும் துளையின் இடத்தையும் அளந்துகொள்ளுங்கள். லின் ஆர்ம்களுக்குத் தட்டின் மையத்திலிருந்து ஆர்மின் மையத்துக்கு 211 மில்லிமீட்டர். ரேகா நிறுவனத்தின் ஆர்ம்களுக்கு 222. இந்த 11 மில்லிமீட்டரைக் கார்ட்ரிட்ஜை முன்னே தள்ளி ஈடுகட்டிவிடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். இசைத்தட்டின் கடைசிப் பகுதிக்கு ஊசி வரும்போது ஒலிச் சிதறல் காட்டிக்கொடுத்துவிடும்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவிலிருந்து வந்த பழைய கருவிகளை 110 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மர் வைத்து ஓட்டுகிறார்கள். டிரான்ஸ்ஃபார்மர் வோல்டேஜைக் குறைக்குமே தவிர, 50 ஹெர்ட்ஸை 60 ஆக்காது. மின்சாரத்தின் ஹெர்ட்ஸை ஒட்டியே சுழலும் சிங்க்ரனஸ் மோட்டார் 60 ஹெர்ட்ஸுக்கானது என்றால் இங்கே 33⅓க்குப் பதில் நிமிடத்துக்கு 27.8 சுற்றுதான் சுற்றும். 5 கட்டையில் பாடியவர் 3 கட்டையில் பாடுவார். இந்த மந்தத்துக்கும் சப்-சேஸிஸ் கேட்டு வருகிறார்கள். மோட்டார் கப்பியை மாற்றுங்கள், போதும்.

பணம் செலவழிக்கும் வரிசையும் முக்கியம். முதலில் ஊசி தேய்ந்திருக்கிறதா என்று பாருங்கள். பிறகு பெல்ட், பேரிங் எண்ணெய், ஸ்பிரிங், ரப்பர் வளையங்கள், ரசமட்டம் வைத்துச் சமன்பார்த்த மேசை. இவை எல்லாம் சரியான பிறகும் மேம்படுத்த விரும்பினால் சப்-சேஸிஸைப் பற்றிப் பேசலாம். என்னிடம் வந்தவர்களில் பலருக்கு அந்தப் பேச்சே தேவைப்படவில்லை.

நீங்களே மாற்றப்போகிறீர்கள் என்றால், முதலில் பிளக்கைப் பிடுங்குங்கள். பழைய எல்பி12கள் பலவற்றில் மோட்டாரை இயக்கும் வல்ஹல்லா என்ற மின்னணுப் பலகையில் வீட்டு மின்சாரம் நேரடியாக ஓடுகிறது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கெப்பாசிட்டர்களில் மின்னூட்டம் தங்கியிருக்கும். சில நிமிடங்கள் காத்திருங்கள், பலகையைத் தொடாதீர்கள். ஊசிக்கு உறை போடுங்கள், ஆர்மைக் கட்டிவையுங்கள். தட்டை எடுத்து, பேரிங்கிலிருந்து எண்ணெயை வடித்துவிடுங்கள்; அதற்கு முன் கருவியைக் கவிழ்க்கவே கவிழ்க்காதீர்கள். பேரிங்கைப் பிடிக்கும் மூன்று போல்ட்டுகளையும் சமமாக இறுக்குங்கள். அதில் ஒன்று தளர்ந்தாலும் உலகின் சிறந்த சப்-சேஸிஸும் பயன்படாது. புதிய எண்ணெய் விட்டபின் உள்தட்டின் தண்டை அழுத்தாமல், அது தன் எடையிலேயே மெல்ல இறங்கும்வரை பொறுத்திருங்கள். அந்தத் தண்டின் முனையும் அது நிற்கும் பரப்பும் கீறப்பட்டால் என்னாலும் திருப்பித் தர முடியாது.

பாகம் மாறியதும் கார்ட்ரிட்ஜ் கோணம், ஊசி இசைத்தட்டில் அழுத்தும் எடை, ஆர்மின் உயரம் எல்லாவற்றையும் மீண்டும் அளந்தாக வேண்டும். இதற்கான பொறுமையோ, கருவியை உயர்த்தி நிறுத்தி அடியிலிருந்து வேலை பார்க்கும் ஸ்டாண்டோ இல்லையென்றால், தயவுசெய்து பாகத்தைப் பெட்டியிலேயே வைத்து, கருவியோடு ஒரு மெக்கானிக்கிடம் கொண்டுபோங்கள். மாட்டிக் கெடுத்த பிறகு கொண்டுவந்தால் கூலி இரட்டிப்பாகிறது, சில சமயம் பேரிங்கும் போய்விடுகிறது.