ஸ்பேசரைக் கழற்றினால் என்னென்ன மாறும்?

ராணிப்பேட்டை சிப்காட்டில் லேத்துப் பட்டறை வைத்திருப்பவரிடம் புரொப்பல்லர் ஸ்பேசர் ஒன்றைக் கொடுத்தால், அதில் அவர் வியப்பதற்கு ஒன்றுமிருக்காது. இரு முனையிலும் பிளேஞ்சும் (போல்ட் போட ஏதுவான தட்டையான விளிம்பு) ஆறு துளைகளும் கொண்ட அலுமினிய உருளை, அவ்வளவுதான். சொந்தமாகக் கட்டப்படும் சிறு விமானங்களில் இது எஞ்சினின் சுழல்தண்டான கிராங்க் ஷாஃப்ட்டுக்கும் புரொப்பல்லருக்கும் இடையே அமர்ந்து, எஞ்சினை மூடும் கூடு முன்புறம் ஒடுங்கிச் செல்ல இடம் தருகிறது. கூட்டை மாற்றும்போதோ வேறு புரொப்பல்லர் பொருத்தும்போதோ இதைக் கழற்ற நேரிடும்.

போல்ட்டுகளே புரொப்பல்லரைத் தள்ளிச் சுழற்றுகின்றன என்று தோன்றும். மரப் புரொப்பல்லரில் அவற்றின் முதல் வேலை, இரு முகங்களையும் ஒன்றோடொன்று அழுத்திப் பிடிப்பதே. திருகுவிசையின் பெரும்பகுதி உராய்வின் வழியாகத்தான் கடக்கிறது. 150 குதிரைத்திறன் எஞ்சின் நிமிடத்துக்கு 2,700 சுற்றுகளில் தரும் திருகுவிசை ஏறக்குறைய 400 நியூட்டன் மீட்டர். போல்ட் வட்டத்தின் ஆரம் 6 செ.மீ., உராய்வுக் கெழு 0.2 என்று கொண்டால், ஆறு போல்ட்டுகளும் சேர்ந்து குறைந்தது 33,000 நியூட்டன், அதாவது மூன்று டன்னுக்கும் மேலான பளுவுக்கு நிகராக அழுத்த வேண்டும். பிஸ்டன்களின் வெடிப்பு விட்டுவிட்டு வருவதால் உண்மையான தேவை இதைவிடப் பல மடங்கு.

ஸ்பேசருக்கென வந்த நீண்ட போல்ட்டுகளை அது இல்லாத இடத்தில் திரும்பப் போடக்கூடாது என்பதன் காரணம் இங்கேதான் இருக்கிறது. மரையில்லாத தண்டுப் பகுதி துளையின் மரையில் முட்டி நின்றுவிட்டால், முறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சு குறித்த அளவைக் காட்டும். முகங்களிலோ அழுத்தமே இருக்காது. கருவி பொய் சொல்லவில்லை, நாம்தான் தவறான கேள்வியைக் கேட்டிருக்கிறோம்.

எடைச் சமநிலையும் மாறும். முன்புறப் புரொப்பல்லர் கொண்ட 500 கிலோ விமானம் ஒன்றில், 12 கிலோ புரொப்பல்லர் 10 செ.மீ. பின்னே வந்தால் ஈர்ப்பு மையம் 2.4 மி.மீ. பின்வாங்கும். ஈர்ப்பு மையத்துக்கு ஒன்றரை மீட்டர் முன்னே இருந்த 2 கிலோ ஸ்பேசரே இல்லாமற் போவதோ, அதை இன்னும் 6 மி.மீ. பின்னே தள்ளும். வால் கனத்தால் விமானத்தின் நிலைத்தன்மை குறையும்; ஆகவே மீண்டும் எடைபோட்டுக் கணக்கிடாமல் பறக்கக்கூடாது. மறுபுறம் கிராங்க் ஷாஃப்ட்டுக்கு இது நிம்மதி: புரொப்பல்லரின் பளு அதை வளைக்கும் நெம்புதூரம் சுருங்குகிறது. சுழலும் தண்டில் அந்த வளைவு ஒவ்வொரு சுற்றிலும் திசைமாறும், மணிக்கு 1,62,000 முறை.

கழற்றுமுன் முதலில் நினைவில் வைக்க வேண்டியது மேக்னெட்டோ, அதாவது எஞ்சின் சுழலும்போது ஸ்பார்க் பிளக்குகளுக்கு மின்சாரம் தரும் கருவி. அதற்கு பேட்டரி தேவையில்லை. சாவியிலிருந்து வந்து அதை அணைக்கும் கம்பி அறுந்திருந்தால், சாவி அணைந்த நிலையிலும் கையால் திருப்பும் புரொப்பல்லர் உதைத்துச் சுழலக்கூடும். ஒவ்வொரு சிலிண்டரிலும் ஒரு ஸ்பார்க் பிளக்கையாவது எடுத்துவிடுவது நல்லது. புரொப்பல்லரும் பிளேஞ்சும் பொருந்தியிருந்த நிலையைக் குறித்துக்கொண்டு, எதிரெதிர் போல்ட்டுகளைச் சிறுகச் சிறுகத் தளர்த்த வேண்டும். அப்போது ஒருவர் புரொப்பல்லரைத் தாங்கிப் பிடித்திருக்க வேண்டும். ஸ்பேசர் ஒட்டிக்கொண்டால் ரப்பர் சுத்தியால் தட்டலாமே தவிர, இடுக்கில் ஸ்குரூடிரைவரை நுழைத்து நெம்பக்கூடாது. கீறல் பிற்காலத்தில் விரிசலாகும்.

பிரிந்த முகங்களில் எஃகுப் பக்கம் செந்தூளோ அலுமினியப் பக்கம் கருந்தூளோ படிந்திருந்தால், அந்த இணைப்பு நெடுநாளாக நுண்ணளவில் நழுவிக்கொண்டிருந்தது என்று பொருள். தூளைத் துடைத்தெறியுமுன் ஒரு படம் எடுத்துவைப்பது உதவும்.

திரும்பப் பூட்டியபின், புரொப்பல்லரின் இரு அலகுகளின் (பிளேடுகளின்) நுனிகளும் ஒரே தளத்தில் சுழல்கின்றனவா என்று நிலையான ஒரு குச்சியை நுனியருகே நட்டுப் பார்ப்பார்கள். மர அலகுகளுக்கு 3 மி.மீ. வரை வேறுபாடு பொறுக்கலாம். மரத்துக்கு இன்னொரு குணமும் உண்டு. வேலூரின் அக்கினி நட்சத்திர வெயிலில் அது சுருங்கி போல்ட்டின் பிடி தளரும், ஐப்பசி மழையில் உப்பி நசுங்கும். ஆதலால் முதல் ஓட்டத்துக்குப் பிறகும் பருவம் மாறும்போதும் முறுக்கைச் சரிபார்த்து, ஒவ்வொரு முறையும் போல்ட்டுகள் தாமாகக் கழலாமல் தடுக்கும் பழைய பாதுகாப்புக் கம்பியை அறுத்துவிட்டு, போல்ட் இறுகும் திசையிலேயே இழுக்கும்படி புதுக் கம்பியை முறுக்கிக் கட்ட வேண்டும்.