பெயரில் லில்லி, இலையில் ஊசி

பூனை திடீரென்று எச்சில் ஒழுக, முன்னங்காலால் வாயைத் தேய்த்துக்கொண்டு நிற்கிறதா? மணி பிளான்ட், டிஃபன்பேக்கியா, பிலோடென்ட்ரான் போன்ற ஒன்றைக் கடித்திருக்கலாம். எல்லாம் சேம்புக் குடும்பத்துச் செடிகள். இவற்றின் சில செல்களுக்குள் கால்சியம் ஆக்சலேட் படிகங்கள் மிக நுண்ணிய ஊசிகளாகக் கட்டுக்கட்டாக இருக்கும். பல் பட்டு செல் உடைந்ததும் அவை நாக்கிலும் தொண்டையிலும் பாய்ந்து குத்தும். எரிச்சல் கடுமையாக இருக்கும். ஆனால் அந்த எரிச்சலே பிராணியை அடுத்த கடி கடிக்கவிடாது என்பதால் உயிருக்கு ஆபத்து அரிது.

லில்லி அப்படி இல்லை. வாயில் வலி தெரியாமல் உள்ளே போய்விடும். இலையைத் தின்னக்கூட வேண்டாம். ரோமத்தில் ஒட்டிய மகரந்தத்தைப் பூனை நக்கினாலே போதும், பூச்சாடித் தண்ணீரைக் குடித்தாலும் போதும். சில மணி நேரத்தில் வாந்தி வரும். அப்புறம் சற்றுத் தேறியதுபோலவும் தோன்றலாம். ஆனால் 1 முதல் 3 நாட்களுக்குள் சிறுநீரகம் செயலிழந்துவிடும். நாய்க்கோ இதே செடியால் பெரும்பாலும் வயிற்றுக் கோளாறுதான். பூனை இருக்கும் வீட்டுக்குள் லில்லிப் பூங்கொத்துகூட வரக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

கடையில் சொல்லும் பெயரை மட்டும் நம்பாதீர்கள். பீஸ் லில்லி உண்மையில் லில்லியே அல்ல, அதுவும் சேம்புக் குடும்பத்து ஊசிச் செடி. டே லில்லியும் வேறு குடும்பம், ஆனால் பூனையின் சிறுநீரகத்தை அதுவும் கெடுக்கும். சாகோ பாம் பனை வகையே இல்லை, சைகஸ் என்ற வேறு வகைத் தாவரம். அதிலுள்ள சைகாசின், குடலில் சிதைந்த பிறகு கல்லீரலைத் தாக்கும் நச்சாக மாறுகிறது. ஓரிரு விதைகள் ஒரு நாயின் உயிரைப் பறிக்கலாம். பார்க்க ஓரளவு அதேபோல இருக்கும் அரிக்கா பாம் பனைக் குடும்பம்தான், அதில் நச்சு இல்லை. ஆகவே வாங்கும் முன் தாவரவியல் பெயரைக் கேளுங்கள்.

சரி, எதை வளர்க்கலாம்? ஸ்பைடர் பிளான்ட், பாஸ்டன் ஃபெர்ன், கலாத்தியா, பெப்பரோமியா, ஆப்பிரிக்கன் வயலட், ஃபலனாப்சிஸ் ஆர்கிட் எல்லாம் பூனை, நாய் இரண்டுக்குமே நச்சற்றவை. நிறைய தின்றால் இவற்றாலும் வாந்தி வரலாம். அது நார் செரிக்காததால் வருவது. இலை கண்டால் விடாத பூனைக்குத் தனியாக ஒரு தொட்டியில் கோதுமைப் புல் வளர்த்துக் கொடுக்கலாம்.

லில்லியையோ சைகஸையோ கடித்ததைப் பார்த்துவிட்டால், அறிகுறி வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். நீங்களாக வாந்தி எடுக்க வைக்கவும் வேண்டாம். கடித்த செடியின் ஒரு துண்டையோ படத்தையோ எடுத்துக்கொண்டு உடனே கால்நடை மருத்துவரிடம் போங்கள்.