உறைந்த மண்ணைத் தீ மூட்டித் தோண்டியவர்கள்

கனடாவின் யூகான் பிரதேசத்தில் ஆகஸ்ட் மூன்றாம் திங்கட்கிழமை அரசு விடுமுறை. 1896 ஆகஸ்டில் குளோண்டைக் ஆற்றில் கலக்கும் ஓடை ஒன்றில் கீஷ், டாசன் சார்லி, ஜார்ஜ் கார்மாக் குழுவினர் தங்கம் கண்ட நாளின் நினைவு அது. முதலில் கண்டது யார் என்ற சர்ச்சை இன்னும் ஓயவில்லை. 1897 ஜூலையில் சேதி சியாட்டிலை எட்டியதும் சுமார் ஒரு லட்சம் பேர் கிளம்பினார்கள். போய்ச் சேர்ந்தவர்கள் 30,000 முதல் 40,000 பேர். அதற்குள் நல்ல நிலமெல்லாம் கைமாறியிருந்தது.

கோடை வெயிலில் ஓடைக்கரையில் குந்தித் தங்கம் அரிக்கும் தட்டை ஆட்டும் ஆள்தான் படங்களில் இருப்பார். பெரும்பாலான உழைப்பு நடந்ததோ வெளியே மைனஸ் 40 டிகிரி வரை இறங்கும் குளிர்காலத்தில், பூமிக்கடியில்.

தங்கத்தின் அடர்த்தி நீரைப் போல 19.3 மடங்கு, கூடவே கிடக்கும் குவார்ட்ஸ் மணலுக்கு 2.65 தான். ஆகவே தங்கம் சரளைக்குள் இறங்கி இறங்கி அடிப்பாறை மேல் போய்த் தங்கிவிட்டது. பாறையை எட்டப் பல இடங்களில் 3 முதல் 10 மீட்டர் தோண்ட வேண்டும். அத்தனையும் ஆண்டு முழுக்க உறைந்தே கிடக்கும் மண். கோடையில் குழி வெட்டினால் மேல்மண் இளகிச் சரியும், நீர் ஊறி நிரம்பும். குளிர்காலத்திலோ உறைந்த சுவரே முட்டுக்கொடுக்கும், மரச்சட்டம் தேவையில்லை.

மாலையில் குழியின் அடியில் விறகை அடுக்கித் தீ வைப்பார்கள். காலையில் சாம்பலை ஒதுக்கிவிட்டு, இளகிய மண்ணை வாரி, கைராட்டினத்தில் வாளி வாளியாக மேலேற்றுவார்கள். ஓர் இரவுத் தீக்கு இளகுவது சுமார் 30 சென்டிமீட்டர். ஏன் இவ்வளவு குறைவு? ஒரு கிலோ பனிக்கட்டியை உருக்க 334 கிலோஜூல் வேண்டும். அதே வெப்பம் ஒரு கிலோ நீரை 0 டிகிரியிலிருந்து 80 டிகிரிக்கு ஏற்றிவிடும். போதாததற்கு, நெருப்பின் சூடு பெரும்பகுதி மேல்நோக்கிப் போய்விடும். இளகிய சேறோ அடியிலுள்ள உறைமண்ணுக்குச் சூடு இறங்கவிடாது.

பாறையை எட்டியதும் அதை ஒட்டிப் பக்கவாட்டில் சுரங்கம் போகும். விறகை இப்போது எதிர்ச்சுவரில் சாய்த்து எரிக்க வேண்டும். தீ மிஞ்சினால் கூரை இளகித் தலையில் விழும். அதைவிட மோசமானது கார்பன் மோனாக்சைடு: நிறமில்லை, மணமில்லை. புகை அடங்கிவிட்டதென்று அவசரப்பட்டு இறங்கியவர் மயங்கிச் சாய்ந்துவிடுவார்.

மேலே கொட்டிய மண் மறுபடி உறைந்து மலையாகும். அதில் தங்கம் இருக்கிறதா என்று வசந்தம் வரை தெரியாமல் உழைக்க முடியுமா? அவ்வப்போது ஒரு தட்டு மண்ணைக் குடிசைக்குள் கொண்டுபோய், பனி உருக்கிய வெந்நீரில் அரித்துப் பார்ப்பார்கள். அரிசி களையும்போது கல் அடியில் தங்குவதைப் போலத்தான் இதுவும்.

பனி உருகி ஓடையில் நீர் ஓடியதும், குவித்த மண்ணை அரிக்க மரத்தொட்டிகளைத் தொடராக மாட்டுவார்கள். ஒவ்வொன்றும் சுமார் 12 அடி நீளம். அடியில் கட்டைத் தடுப்புகள். அந்த நீளத்துக்கு 6 முதல் 12 அங்குலம் சரிவு கொடுப்பது வழக்கம். சரிவு குறைந்தால் மணல் தடுப்புகளை அடைத்துவிடும், அப்புறம் தங்கம் தங்க இடமிருக்காது. கூடினால் பொடித்தங்கம் நீரோடு போய்விடும். களிமண் உருண்டைகள்தான் பெரிய திருடர்கள். கரையாமல் உருண்டு ஓடும்போது வழியிலுள்ள துகளை ஒட்டி எடுத்துப் போய்விடும். மண்வெட்டியால் உடைத்துக் கரைத்துவிட ஓர் ஆள் நின்றே ஆக வேண்டும்.

1898 வாக்கில் விறகுக்குப் பதில் நீராவி வந்தது. துளையுள்ள இரும்புக் குழாயை உறைமண்ணில் அடித்து இறக்கி, கொதிகலனிலிருந்து நீராவியைச் செலுத்தினார்கள். சூடு மண்ணுக்குள்ளேயே இறங்கியது, நச்சுப்புகைத் தொல்லையும் குறைந்தது. ஆனால் கொதிகலனுக்கும் விறகுதான் வேண்டும். சுற்றுவட்டாரக் குன்றுகள் மொட்டையாகிக்கொண்டே போயின. பின்னாளில், படுகை மண்ணை வாரித் தங்கம் அரிக்கும் தூர்வாரிக் கப்பல்கள் வந்த காலத்தில், கோடையின் சாதாரண ஓடைநீரைக் குழாய் வழியே மண்ணுக்குள் பாய்ச்சினாலே போதும் என்று கண்டுகொண்டார்கள். அது மெதுவாகத்தான் இளக்கும், ஆனால் விறகுச் செலவே இல்லை.