மீனின் சிவப்பணுவைச் செம்பு எப்படிச் சிதைக்கிறது?

மீனின் சிவப்பணுக்களைக் கழுவி உப்புக்கரைசலில் மிதக்கவிட்டு, அதில் கொஞ்சம் மயில்துத்தக் (காப்பர் சல்பேட்) கரைசலைச் சேர்த்தால் நிறம் மாறத் தொடங்கும். பளிச்சென்ற சிவப்பு மங்கிச் சாக்லேட் பழுப்புக்குப் போகும். குழாயை மையவிலக்குக் கருவியில் சுழற்றி அணுக்களை அடியில் படியவைத்தால், தெளிவாக இருக்க வேண்டிய மேல்நீரும் நிறமேறித் தெரியும். பழுப்பு நிறம், ஹீமோகுளோபின் கெட்டதற்கு அடையாளம். நிறமேறிய மேல்நீர், அணுவின் சவ்வு உடைந்து உள்ளே இருந்தது வெளியே வந்துவிட்டதற்கு அடையாளம். இரண்டு சேதத்துக்கும் வேர் ஒன்றுதான்: எலக்ட்ரானை வாங்கிக் கொடுக்கும் செம்பின் குணம்.

செம்பு அயனிக்கு இரண்டு நிலைகள் உண்டு. இரு நேர்மின்னூட்ட நிலையில் இருப்பது ஒரு எலக்ட்ரானை வாங்கி ஒற்றை நேர்மின்னூட்ட நிலைக்கு வரும். பிறகு அதை வேறொன்றிடம் கொடுத்துவிட்டுப் பழைய நிலைக்கே திரும்பும். சிவப்பணுவுக்குள் எலக்ட்ரானைப் பறிகொடுப்பவற்றில் ஒன்று ஹீமோகுளோபினின் இரும்பு. எலக்ட்ரானை இழந்த இரும்பால் ஆக்சிஜனைப் பிடிக்க முடியாது. அந்த ஹீமோகுளோபின் மெத்ஹீமோகுளோபின் ஆகிவிடுகிறது. பழுப்பு நிறம் அதனுடையது. பறித்த எலக்ட்ரானைச் செம்பு ஆக்சிஜனுக்குக் கொடுத்தால் சூப்பராக்சைடு பிறக்கும். ஹைட்ரஜன் பெராக்சைடுக்குக் கொடுத்தால் ஹைட்ராக்சில் ரேடிக்கல் (இணையில்லா எலக்ட்ரானோடு அலையும், எதையும் தாக்கும் துணுக்கு) பிறக்கும். இதற்குத்தான் ஃபென்டன் வகை வினை என்று பெயர். இத்தனைக்கும் பிறகு செம்பு கொஞ்சமும் தீர்வதில்லை. தொட்ட இடத்திலேயே பாயும் ஹைட்ராக்சில் ரேடிக்கலை ஒவ்வொன்றாகப் பிறப்பித்தபடி, ஒரே அயனி அடுத்த சுற்றுக்குத் தயாராகிவிடும். சிறிய அளவு பெரிய கேடு செய்வது இதனால்தான்.

மீனின் சிவப்பணு இந்தத் தாக்குதலுக்கு எளிய இலக்கு. நம்முடையதைப் போல உட்கரு இல்லாத தட்டு அல்ல அது. நீள்வட்ட வடிவம், நடுவில் உட்கரு, மைட்டோகாண்ட்ரியா எல்லாம் உண்டு. ஆகவே டிஎன்ஏவும் அடி வாங்கும். கீம்சா சாயம் ஏற்றிய இரத்தப் பூச்சில், பெரிய உட்கருவுக்குப் பக்கத்தில் துணுக்காகக் கிடக்கும் நுண்கருக்களை எண்ணியே அந்தச் சேதத்தை மதிப்பிடுகிறார்கள். சவ்விலோ ஒமேகா-3 போன்ற பல இரட்டைப் பிணைப்புள்ள கொழுப்புகள் மிகுதி. குளிர்ந்த நீரிலும் சவ்வு நெகிழ்வாக இருக்க அவை தேவை. ஆனால் ரேடிக்கல் முதலில் கடிப்பதும் அவற்றைத்தான். ஒரு கொழுப்பு மூலக்கூறு சிதைந்தால் அது அடுத்ததைச் சிதைக்கும்.

அணுவும் சும்மா இருப்பதில்லை. சூப்பராக்சைடு டிஸ்மியூட்டேஸ் என்ற நொதி சூப்பராக்சைடைப் பெராக்சைடாக மாற்றும். கேட்டலேஸும் குளுட்டாதையோன் பெராக்சிடேஸும் அதைத் தண்ணீராக்கும். முதலில் சொன்ன நொதி வேலை செய்யவே செம்பு வேண்டும் என்பதை மறக்கக் கூடாது. செம்பு மீனுக்கு அவசியமான சத்தும்கூட. மிதமான தாக்குதலில் இந்த நொதிகளின் செயல்பாடு கூடலாம், நீடித்தால் சரிந்துவிடலாம். ஆகவே ஒரே ஒரு நொதியின் அளவைப் பார்த்து முடிவு கட்டுவது தவறு. அணுவைக் காக்கும் குளுட்டாதையோன் என்ற சிறு மூலக்கூறு குறைந்திருக்கிறதா, கொழுப்புச் சிதைவில் உண்டாகும் மலோன்டையால்டிஹைடு (தயோபார்பிட்யூரிக் அமிலத்தோடு சேர்த்து 532 நானோமீட்டரில் அளப்பது) கூடியிருக்கிறதா என்று சேர்த்தே பார்க்க வேண்டும்.

குழாய்ச் சோதனையில் பலர் சறுக்கும் இடம் இரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து. இடிடிஏ போட்டால் அதுவே செம்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும், நச்சு தெரியவே தெரியாது. ஹெப்பாரின்தான் பொருத்தம். பிளாஸ்மாவை நன்றாகக் கழுவி நீக்காவிட்டால் அதிலுள்ள அல்புமின் என்ற புரதமும் இதே வேலையைச் செய்யும். இன்னொன்று: உயிருள்ள மீனின் இரத்தத்தில் பெரும்பகுதிச் செம்பு செருலோபிளாஸ்மின் முதலிய புரதங்களோடு கட்டுண்டு கிடப்பதால், குழாயில் கண்டதை அப்படியே மீனுக்குப் பொருத்த முடியாது. பழுப்பு இரத்தத்தைக் கண்டவுடன் செம்பு என்று தீர்ப்பு சொல்வதும் சரியல்ல. குளத்தில் அதற்கு வழக்கமான காரணம், மீன் கழிவிலிருந்து உண்டாகும் நைட்ரைட்.

நன்னீர் மீன் செம்பால் விரைவில் சாகும்போது முதலில் விழுவது செவுள். சோடியத்தை உள்ளே இழுக்கும் பம்பு நின்று, உடலிலுள்ள உப்பு கசிந்துவிடும். குடிநீரில் செம்புக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் வழிகாட்டு அளவு லிட்டருக்கு 2 மில்லிகிராம். கால்சியம் குறைந்த மென்னீரில் டிரவுட் மீனைக் கொல்ல அதில் நூறில் ஒரு பங்கே போதுமானதாகிவிடும். கடின நீரில் கால்சியம் செவுளில் செம்போடு போட்டியிடும், கார்பனேட்டும் மட்கிய கரிமப் பொருளும் செம்பைக் கட்டிப்போடும்.

பாசியை ஒழிக்கக் குளத்தில் மயில்துத்தம் போடும் கணக்கும் இதிலிருந்து வந்ததே: மொத்தக் காரத்தன்மையை (லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் கால்சியம் கார்பனேட் என்று அளப்பது) 100-ஆல் வகுத்தால் வருவது லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் மயில்துத்தம். காரத்தன்மை 100 என்றால், 10 மீட்டர் நீளமும் 10 மீட்டர் அகலமும் 1 மீட்டர் ஆழமும் உள்ள குளத்துக்கு 100 கிராம். அதில் செம்பு மட்டும் சுமார் 25 கிராம். காரத்தன்மை 50-க்குக் கீழே இருந்தால் போடவே கூடாது. ஒரே நாளில் முழுக் குளத்துக்கும் போட்டால் பாசி மொத்தமாகச் செத்து அழுகி ஆக்சிஜனை உறிஞ்சிவிடும். செவுளும் சிவப்பணுவும் அடிபட்டிருக்கும் வேளையில் அது இரட்டை அடி. பகுதி பகுதியாகப் போட்டு, காற்றூட்டியை ஓட விடுவது நல்லது. அளவு மிஞ்சிவிட்டால் உடனே நீரை மாற்றலாம். ஆனால் சேற்றில் படிந்த செம்பு போகாது. நீரின் அமிலத்தன்மை கூடும்போது மறுபடி கரைந்து மேலே வரும்.